பால் மறக்காத பிள்ளை

நீங்கள் பார்த்ததைப் பார்த்துவிட்டேன் அக்கா. தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் பார்க்கிறதுதான். மூன்றரை வயசுப் பிள்ளை, வாய் நிறையப் பல்லை வைத்துக்கொண்டு, தமிழிலும் வங்காளத்திலும் வாயாடுகிற பிள்ளை, இன்னும் அம்மா மார்பில் வாயை வைத்துக்கொண்டு தூங்குகிறாளே என்றுதானே. ஹௌராவில் ஏறும்போது ஒரு அம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டுப் போனாள். நீங்கள் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. அதுவும் தமிழ் ஆள். அஞ்சு வருஷமாக அந்த ஊரில் என்னோடு உட்கார்ந்து தமிழில் பேச ஒரு பெண் கிடையாது.

அவர் இப்போது வரமாட்டார். வெந்நீர் வாங்கப் போயிருக்கிறார். பேன்ட்ரி நாலைந்து பெட்டி தள்ளி இருக்கிறதாம். வழியில் யாராவது பாடிக்கொண்டிருந்தால் அங்கேயே நின்றுவிடுவார். அதுதான் அவர் வழக்கம்.

அவர் பெயர் அருணகிரி. அனல் மின்நிலையத்தில் இன்ஜினியர். துர்காப்பூரிலிருந்து கொஞ்சம் உள்ளே, அஜய் ஆற்றுப் பக்கம். எங்களுக்குத் திண்டுக்கல். கல்யாணம் ஆன கையோடு அங்கே போனேன். குவார்ட்டர்ஸ், முன்னால் ஒரு கொய்யா மரம், பக்கத்து வீட்டில் மித்ரா வீட்டு அம்மா. நல்லபடியாகத்தான் இருந்தோம். அவர் பாட்டுப் பாடி நான் கேட்டதே இல்லை. குளிக்கும்போதுகூடப் பாடமாட்டார். அப்படிப்பட்ட மனுஷன்.

மதிக்கு அப்போது ஒரு வயசு ஆகவில்லை. நிறைமதி என்று பெயர், மதி என்று கூப்பிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயிலில் வந்துகொண்டிருந்தோம். பாவுல்கள் ஏறினார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்களே, ஒட்டுப்போட்ட அங்கி, காலில் சலங்கை, கையில் ஒரே ஒரு கம்பி கட்டின சுரைக்குடுக்கை. பாட்டுப் பாடிக்கொண்டே ரயில் ரயிலாகப் போவார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், கொடுக்காவிட்டாலும் பாடுவார்கள். பிச்சைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன், அவர்தான் திருத்தினார். அன்றைக்கு ஒரு வயசான ஆள் பாடின பாட்டு எனக்கு இன்னும் மனப்பாடம். வங்காளம் எனக்கு அப்போது அரைகுறை. ஆனால் அந்தப் பாட்டு மட்டும் சொல்லுக்குச் சொல் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

என் வீட்டில் நான் குடியிருப்பதாக நினைத்தேன்.
அடுப்பு மூட்டியவன் வேறு ஒருவன்,
சோற்றை ருசித்தவன் வேறு ஒருவன்,
நான் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தேன்.

இவ்வளவுதான் பாட்டு. என் வீட்டுக்காரர் எழுந்து அந்த ஆளை உட்காரச் சொன்னார். இவர் நின்றார். எங்கள் ஸ்டேஷன் வந்தது, போனது. இறங்கவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் முழித்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்கிறார், "மலரு, இந்த வீட்டுல யாரு இருக்கா?"

"யாரு இருக்கா. நீங்க, நானு, பிள்ள."

"அது இல்ல. இதுக்குள்ள." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அதுக்குள்ள சோறு இருக்கு. இன்னும் கொஞ்சம் போடவா?" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குப் பயம் வரவில்லை பாருங்கள். வந்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். அங்கே அவர்களுக்கு ஒரு இடம் இருக்கிறது. ஆசிரமம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு மண் குடிசை, ஒரு ஆலமரம், ஆடுகள். நித்தாய் கொசாய் என்று ஒரு குரு. அவரோடு ஒரு அம்மா, குசும் மா என்பார்கள். இவரை அவர்கள் வாயில் 'ஒருண்' என்று கூப்பிட்டார்கள். போன இடத்தில் பெயர்கூட மாறிவிட்டதே என்று எனக்குப் பக்கென்றது.

வந்து சொல்லுவார். கோவில் கோவிலாக அலைய வேண்டாமாம், சாமி வெளியே இல்லையாம். உடம்புதான் கோவிலாம். இந்த உடம்புக்குள்ளே ஒரு ஆள் இருக்கிறாராம், மனசுக்கு உள்ளே இருக்கிற மனுஷர். அவரைத் தேடுவதுதான் வேலையாம். சாதி கிடையாது, மதம் கிடையாது, படிக்கப் புத்தகமும் கிடையாது, பாட்டு மட்டும்தான். ஆறு உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்க, வெளியே போய் முழுகுகிறாயே என்று இன்னொரு பாட்டு. போனில் என் மாமியாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டாராம், "உடம்புக்குள்ள ஆளா? நல்ல டாக்டரா பாத்து காமிடா." மாமியார் தைரியசாலி. நான் அப்படி இல்லை.

நான் படித்தது கான்வென்ட்டில். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் சிஸ்டர்களிடம்தான். அங்கே ஒரு சிஸ்டர் மத்தியானத்தில் புனிதர் கதை சொல்லுவார். ஒருவர் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுக் கடவுளைத் தேடிப் போனார், பெரிய புனிதர் ஆனார் என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். நான் மட்டும் எழுந்து, "அந்தப் பொண்டாட்டி என்ன ஆனாங்க சிஸ்டர்?" என்று கேட்டேன். "சிட் டவுன், மலர்க்கொடி" என்றார். உட்கார்ந்துவிட்டேன். பதில் இன்றுவரைக்கும் தெரியாது.

கொஞ்ச நாளில் அவரே பாட ஆரம்பித்தார். குரல் மோசமில்லை, அதுதான் இன்னும் பயம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து பாடுவார். அதிலே ஒரு பாட்டு:

சாவதற்கு முன்னால் செத்துப் பார், தம்பி.
பிறகு சாவு வந்து கதவைத் தட்டினால்
வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லிவிடலாம்.

பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டா அக்கா இது? அவள் என்னவோ இதற்குத்தான் தூங்குவாள்.

அந்த மாசம்தான் பீரோவில் அந்தத் துணியைப் பார்த்தேன். போர்வைக்கு அடியில். வெள்ளை, கரை இல்லை, மடிப்புக் கலையாத கோடித் துணி. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றாக இருந்திருந்தால் வேட்டிக்கு எடுத்தது என்று நினைத்திருப்பேன். இரண்டு எதற்கு? அவருக்கு ஒன்று. இன்னொன்று யாருக்கு?

நீங்கள் என்ன நினைத்திருப்பீர்களோ தெரியாது. நான் நினைத்தது அதுதான். செத்துப் பார் என்று பாட்டு, பீரோவில் கோடித் துணி. இவர் தானும் செத்து என்னையும் கொல்லப் போகிறார் என்று முடிவு செய்துவிட்டேன். அப்புறம் பிள்ளை? பிள்ளைக்குத் துணி எடுக்கவில்லையே, அவளை யார் கையில் விடப் போகிறார் என்று அதற்கும் அழுதேன். சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தையும் சொன்னேன், எங்கள் குலதெய்வத்துக்கும் காசு முடிந்துவைத்தேன். காய் நறுக்குகிற கத்தி, எலி மருந்து, துணி காயப்போடுகிற நைலான் கயிறு, அவர் ஷேவிங் பிளேடு, எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு மித்ரா வீட்டில் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறீர்களா என்று கேட்டாள் அந்த அம்மா. ஆமாம் என்றேன்.

அவர் பிளேடு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேடினார், இல்லை, போய்விட்டார். தாடி வளர ஆரம்பித்தது. பார்த்தீர்களா, தாடியும் வந்துவிட்டது, இனிமேல் சாமியார்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கூடத் தாங்கமுடியவில்லை. அவர் டூட்டிக்குப் போனதும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன். குசும் மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், கட்டையான உடம்பு, நெற்றியில் மண் நாமம். "என் வீட்டுக்காரரைச் சாகச் சொல்லித் தருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த வங்காளத்தில் அது எப்படி வந்ததோ. அந்த அம்மா தழையைக் கீழே போட்டுவிட்டு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"உள்ள வா மா. அவன் சாகப் போறானா? போன வாரம் இங்க ஒரு பூரான் வந்துச்சு, அந்தத் திண்ண மேல ஏறி நின்னவன் இறங்கவே இல்ல. அவனா சாகப் போறான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை உட்காரவைத்தார். அது சாகிற துணி இல்லையாம். இல்லை, சாகிற துணிதானாம். எனக்கு இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை, கேளுங்கள். அவர்களிடம் தீட்சை வாங்கும்போது பிணத்துக்குச் சுற்றுகிற வெள்ளையை உயிரோடு இருக்கும்போதே சுற்றிக்கொள்வார்களாம். கண்ணைக் கட்டிச் சுற்றி நடத்துவார்களாம். அதோடு அந்த ஆள் உலகத்துக்குச் செத்தவன். நான் என்பது போய்விட வேண்டும், என்னுடையது என்பது போய்விட வேண்டும். பாட்டில் வருகிற சாவு இதுதானாம். அதற்கப்புறம் உயிரோடு இருக்கிற செத்தவர்களாக வாழ வேண்டியதுதான். வீடு வீடாகப் போய்ப் பாடி, போடுகிற பிடி அரிசியை வாங்கிச் சாப்பிட வேண்டியது.

"அப்ப ரெண்டு எதுக்கு?" என்றேன்.

"ஒத்த ஆளுக்கு வெள்ளை கொடுக்கிறது இல்ல மா. எங்க வழியில பொம்பள இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அவனும் அவளும் சேர்ந்து செத்து, சேர்ந்து பொழைக்கணும். ரெண்டாவது உனக்கு. உன்கிட்ட சொல்லலையா அந்த மடையன்?"

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

"கட்டிக்கிட்டா அப்புறம்?"

"அப்புறம் பிள்ள பெக்கிறது இல்ல."

"பெத்தது?"

குசும் மா மதியைப் பார்த்தார். மதி அப்போது என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா விரலால் அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, குடிசைக்குள் பார்த்து, "கொசாய், அன்னைக்கு ஒருண் வந்து கேட்டானே, நீ என்ன சொன்ன, இவகிட்ட சொல்லு" என்று கத்தினார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அந்தக் குருவை நான் கடைசிவரை பார்க்கவில்லை. "வீட்டில் பால் மறக்காத பிள்ளை இருக்கிறவன் என்னிடம் வெள்ளை கேட்டு வரக்கூடாது என்று சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். இருமினார்.

கேட்டிருக்கிறார். இவர் போய்க் கேட்டேவிட்டிருக்கிறார். எனக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். குசும் மா பின்னால் என்னென்னவோ சொன்னார். அன்றைக்குக் குரு அப்படிப் பதில் சொன்னபோது இவர் முகம் எப்படி இருந்தது, அப்புறம் எவ்வளவு நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஏதோ. நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். பால் மறக்காத பிள்ளை இருக்கும் வரைக்கும்தானே வெள்ளை கிடையாது? இவள் மறக்கவே மாட்டாள்.

இப்போது புரிகிறதா அக்கா, இது ஏன் இன்னும் இப்படிக் கிடக்கிறது என்று.

ஒன்றரை வயசில் எல்லாரும் நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு வயசில் பல் டாக்டர் சொன்னார், முன்பல்லில் சொத்தை வந்துவிட்டது. நர்சரியில் மிஸ் கூப்பிட்டுச் சொன்னாள், மத்தியானம் நீங்கள் வந்து கொடுத்துவிட்டுப் போகிறீர்கள், மற்றப் பிள்ளைகள் பார்க்கின்றன என்று. நர்சரியை நிறுத்திவிட்டேன். மித்ரா வீட்டு அம்மா இப்போது பேசுவதில்லை. பேசவேண்டாம். எல்லாருக்கும் வீட்டில் புருஷன் இருக்கிறார், பேசுவார்கள்.

அவரிடம் கேட்டுவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே அக்கா.

அவரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போவார், பாடுவார், வருவார். ஆனால் தினமும் டூட்டியிலிருந்து வந்ததும் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "மதி இன்னைக்கு என்ன சாப்பிட்டா? இட்லி சாப்பிட்டாளா? முட்டை கொடுத்தியா?" பாருங்கள், எப்படி நோட்டம் விடுகிறார் என்று. சோறு சாப்பிட ஆரம்பித்துவிட்டாளா, பால் எப்போது விடும் என்று கணக்குப் பார்க்கிறார். நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. "எங்க, பால் மட்டுந்தான் கேக்குறா" என்பேன். முகம் வாடிவிடும். வாடட்டும்.

ஒரு முறை மேளாவுக்கு என்று போனவர் மூன்று நாள் வரவில்லை. தை பிறக்கும்போது ஆற்றங்கரையில் ஊர்ப்பட்ட பாவுல்கள் கூடுவார்கள், அங்கேதான் வெள்ளை கொடுக்கிறதும். மூன்று நாளும் நான் சாப்பிடவில்லை. நாலாம் நாள் எனக்கு வளையலும் பிள்ளைக்கு ஒரு தகரத் தவளையும் வாங்கிக்கொண்டு, ஜலதோஷத்தோடு வந்து நின்றார். உடம்பில் பழைய சட்டைதான் இருந்தது. முதுகுப் பக்கம்கூடத் தடவிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை சுற்றியிருக்கிறாரா என்று. "என்ன மலரு, தேள் கீள் இருக்கா?" என்றார்.

படுக்கையைக்கூட ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். மதி உதைக்கிறாள், தூக்கம் வரவில்லை என்றார். உங்களிடம் சொல்ல என்ன, இன்னொரு பிள்ளை வந்தால் இன்னும் இரண்டு வருஷம் கவலை இல்லையே என்று நான் யோசிக்காமல் இல்லை. எப்படிக் கேட்பது? கட்டில் பெரிதாக வாங்கலாமா என்று ஒரு நாள் அவரே கேட்டார். இருக்கிற கட்டில் போதும் என்று சொல்லிவிட்டேன். வீண் செலவு செய்துவிட்டு ஒருவர் போய்விட்டால் பெரிய கட்டிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அந்தத் துணியை அப்புறம் என்ன செய்தேன் என்கிறீர்களா? நான் தொடவில்லை. போன மழைக்காலத்தில் மதிக்குக் காய்ச்சல், நெருப்பாய்க் கொதித்தது. நெற்றியில் நனைத்துப் போடத் துணி எடுங்கள் என்று நான் அடுப்படியிலிருந்து கத்தினேன். சர்ரென்று கிழிகிற சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் பீரோ திறந்து கிடக்கிறது, அந்த இரண்டில் ஒன்றை எடுத்து நீள நீளமாகக் கிழித்து நனைத்து வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பழைய துண்டு தொங்குகிறது, அது கண்ணில் படவில்லையாம். சாயங்காலம் வரைக்கும் அந்தத் துணியை நனைத்து நனைத்துப் போட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது. எனக்குத்தான் அன்றைக்கு இரண்டு மடங்கு பயம். ஏன் என்று கேளுங்கள். இரண்டு துணி இருந்தவரைக்கும் நானும் கணக்கில் இருந்தேன். இப்போது ஒன்றுதானே இருக்கிறது. என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறது என்று ஆகிவிட்டதே. கிழித்தது என் பங்கை அக்கா. அது எனக்குத் தெரியாதா?

ஒற்றை ஆளுக்குக் கொடுப்பதில்லை என்று குசும் மா சொன்னார்தான். வேறு யாராவது கிடைத்துவிட்டால்? ரயிலில் பாடுகிற பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்.

இப்போது ஊருக்குப் போகிறோம். மதிக்குக் காது குத்து, பொங்கலும் சேர்ந்து வருகிறது. அவர்தான் டிக்கெட் போட்டார். அங்கே மேளா கூடுகிற நேரம் அக்கா. வருஷம் பூராவும் அதற்காகவே காத்திருக்கிற மனுஷன், மேளாவை விட்டுவிட்டு எதற்கு ஊருக்கு வருகிறார்? நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் அம்மா முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கத்தான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? "பொங்கலுக்கு ஊர்ல இருக்கணும்போல இருக்கு, பிள்ளை ஒரு பொங்கல்கூடப் பாக்கலையே" என்கிறார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

அதைவிடப் பயம் மாமியார். போனதும் அவர் முதலில் செய்யப்போகிறது இதுதான். வேப்பிலையை அரைத்து என் மார்பில் தடவிவிடுவார். இரண்டே நாளில் மறக்கடித்துவிடுவேன் என்று போனிலேயே சபதம் போட்டிருக்கிறார். ஏழு பிள்ளைக்கு மறக்கடித்த கை. அந்த வீட்டில் நான் ஒருத்தி எப்படித் தடுப்பேன்? பிள்ளை மறந்துவிட்டாள் என்று இவர் காதில் விழுந்தால் பொங்கல் முடிந்த மறுநாள் வண்டியில் தனியாக ஏறிவிடுவார். நீங்கள் பெரியவர்கள், ஏதாவது வழி சொல்லுங்கள். கசப்பு ஒட்டாமல் இருக்க முதலிலேயே ஏதாவது தடவிக்கொள்ளலாமா? தேங்காய் எண்ணெய் தடவினால் வேப்பிலை நிற்காதா?

இருங்கள், முழித்துவிட்டாள். மதி, இங்க பாரு, பாட்டிம்மாவுக்கு வணக்கம் சொல்லு. எங்க இறங்குற? அப்பா வந்துருவார். இந்தப் பக்கம் குடிச்சியா நீ? குடிக்கலயே. வா. வாடா கண்ணு, கொஞ்சம் குடிச்சுட்டு அப்புறம் ஜன்னல் பாக்கலாம். என்னது? ஏன் வேணாம்? மெதுவா பேசு.

காலி இல்லை. யாரு சொன்னா காலின்னு? அம்மாகிட்ட நிறைய இருக்கு. வாயை வச்சுப் பாரு.

சும்மா சொல்கிறாள் அக்கா, பிள்ளைகள் இப்படித்தான். காலியாம்.

சரி. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. வற்றித்தான் போய்விட்டது. போன வருஷமே. பச்சைப் பூண்டு தின்று பார்த்தேன், சுறாப் புட்டுச் செய்து பார்த்தேன், ஒன்றும் ஊறவில்லை. வாயை வைத்துக்கொண்டு தூங்குவாள், அவ்வளவுதான். ஆனால் மறக்கவில்லையே. குரு பால் சுரக்கிற வரைக்கும் என்றா சொன்னார், மறக்காத பிள்ளை என்றுதானே சொன்னார். வாயை வைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை மறக்காத பிள்ளைதானே? நீங்களே சொல்லுங்கள். இத்தனை நாளாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. மதி, அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லக்கூடாது. அம்மா பாவம்ல. இந்தா, பிஸ்கட் சாப்பிடு.

வந்துவிட்டார். பிளாஸ்க் வைத்திருக்கிறார் பாருங்கள், தாடி வைத்தவர், அவர்தான். ஒன்றும் பேசிக்கொள்ள வேண்டாம். கேட்டால் பிள்ளை குடித்தாள் என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் பார்த்தீர்கள் என்று சொன்னால் நம்புவார்.

என்னங்க, இவ்வளவு நேரமா? இவங்க மதுரை போறாங்களாம். சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்.

மதி.

மதி, வாயை மூடு. ஒன்னும் இல்லைங்க, தூக்கக் கலக்கத்துல என்னவோ உளறுறா.

கேட்டீர்களா அக்கா, என்ன சொன்னார் என்று? பிள்ளை போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, அம்மா பால் காலி" என்கிறாள். அவர் குனிந்து தூக்கிக்கொண்டு, "எனக்குத் தெரியுமேடா. அது எப்பவோ காலி. வா, அப்பா கோதாவரி காமிக்கிறேன்" என்று கூட்டிக்கொண்டு போகிறார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பார்த்தீர்கள்தானே? இப்படித்தான் சிரிப்பார், நெஞ்சைத் தொட்டுக் காட்டினாரே, அன்றைக்கும் இதே சிரிப்புத்தான்.

தெரியுமாம். எப்பவோ காலி என்று தெரியுமாம். எப்போதிலிருந்து? ஒரு வருஷமாகத் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்திருக்கிறார். தெரிந்த அன்றைக்கே குருவிடம் போயிருக்கலாமே. எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு மேளா வந்து போனது. அதை விட்டுவிட்டு எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை அக்கா. தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பயம்தான் இருந்தது. இப்போது என்னவென்றே தெரியாத பயமாக இருக்கிறது.

சத்தம் மாறுகிறது, பாலம் வந்துவிட்டது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து கதவுப் பக்கம் தெரியும். நான் எழுந்து போய்ப் பார்க்க மாட்டேன். கொஞ்சம் எட்டிப் பாருங்கள். நிற்கிறாரா? கதவு திறந்திருக்கிறதா? உள்ளே தள்ளித்தான் நிற்கிறாரா? பாடுகிறாரா? பாடவில்லையா. ஏன் பாடவில்லை, ஆற்றைக் கண்டால் பாடாமல் இருக்கமாட்டாரே.

பிள்ளையை எப்படி வைத்திருக்கிறார்?

இரண்டு கையாலுமா? கம்பியைப் பிடித்துக்கொள்ளவில்லையா? முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, காலை ஊன்றிக்கொண்டா? இறுக்கமாகவா? எவ்வளவு இறுக்கமாக? அவள் நெளிகிறாளா, அப்போதும் விடவில்லையா? ஆற்றைப் பார்க்கவே இல்லையா, பிள்ளையைத்தான் பார்க்கிறாரா?

பயந்த மாதிரி இருக்கிறது என்கிறீர்களே. நன்றாகப் பாருங்கள் அக்கா, வேறு யாரையாவது பார்த்துவிட்டுச் சொல்லப்போகிறீர்கள். அவருக்கு என்ன பயம்? பயப்பட வேண்டியவள் நான்தானே.